பகலில் புகை இல்லை

ஜனவரி 6

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகள் பொடிசும் சௌக்கியம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? விமானத்தில் அவ்வளவு உயரத்தில் பறக்கும்போது காது அடைக்காமல் பஞ்சு வைத்துக்கொள்கிறாயா? போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி கேட்கிறது. என் காது அப்படி ஆகிவிட்டது. அதனால் காகிதமே மேல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

உன் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து மொட்டை மாடியில் அந்த வெயில் குழாயைப் பொருத்திவிட்டுப் போனார்கள். சூரியன் நகர நகர அதுவும் கழுத்தைத் திருப்பிக்கொள்கிறது. தெருவே மாடி ஏறி வந்து பார்த்தது. எதிர்வீட்டுத் தையல்காரி எட்ட நின்றுகொண்டு, "என்னக்கா இது, துப்பாக்கியா?" என்று கேட்டாள். "துப்பாக்கின்னா முதல்ல உன் வாயைத்தான் சுட்டிருப்பேன். சூரிய வெளிச்சம் நம்ம ஊர்த் தூசியைத் தாண்டி வர்றதுக்குள்ள எவ்வளவு மங்கிப்போகுதுன்னு பாக்குற கண்ணு அதுடி. என் மக வச்சது" என்றேன். நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டேன். சரிதானே?

தெருக்கோடி உலையைப் பற்றி நான் எழுதி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பழைய டயரை வேகவைத்து எண்ணெய் எடுப்பது நடந்துகொண்டே இருக்கிறது. காயப்போட்ட துணியெல்லாம் கரிப்பொட்டு. தெரு கொடுத்த மனுவுக்கு நகர அலுவலகத்தில் குழு போட்டுவிட்டார்கள். வாயால் சொன்னால் போதாதாம், அளந்து காட்டினால்தான் உலையை மூடுவார்களாம். அளக்கப்போவது நம் வீட்டுப் பெண் என்றால் இனி என்ன பயம் என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். எனக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டுவிட்டது.

மேலே சுற்றுகிற உன் செயற்கைக்கோள் எந்நேரம் நம் ஊரைக் கடக்கும் என்று எழுது. கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா


ஜனவரி 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். பஞ்சு இல்லை அம்மா, பாதித் தலையை மூடுகிற காதடைப்பான் போட்டுக்கொள்கிறோம். விமானத்தின் பக்கவாட்டில் மூக்கு மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே வந்து எங்கள் பெட்டிகளுக்குள் போகும். அதில் புகைத் துகள் எத்தனை, உப்பு எத்தனை, மண் எத்தனை என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் குண்டும் குழியுமான ரோட்டில் பழைய பஸ் போவது மாதிரிதான். முந்தாநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். இதையெல்லாம் தையல்காரியிடம் சொல்லாதே.

புகை நிறைந்த மேகத்தில் நீர்த்துளிகள் எண்ணிக்கையில் பெருகி, உருவத்தில் சிறுத்துப்போகும். அவ்வளவு சிறிய துளிகள் சேர்ந்து கனத்துக் கீழே விழுவது கஷ்டம். மேகம் வரும், மழை வராது.

நீ கேட்ட விவரம். கோள் நம் ஊரை மதியம் ஒன்றரை மணி வாக்கில் கடக்கும். மாடியில் உள்ள குழாய் வெயில் இருக்கும்வரை பார்க்கும். இரண்டுக்கும் சூரியன் வேண்டும், ராத்திரியில் கண் தெரியாது. பிப்ரவரி தொடக்கத்தில் எங்கள் விமானமும் நம் ஊர்மேல் தாழப் பறக்கும். மூன்றும் ஒத்துப்போனால் குழு மறுக்க முடியாது. நம் ஊரைப் பறக்கும் பாதையில் சேர்க்க நான் எத்தனை பேரிடம் மல்லுக்கட்டினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பொடிசுக்கு இருமல் உண்டா? போன வருஷம் வந்த இழுப்பு திரும்பினால் உடனே எழுது, மறைக்காதே. அவளை விட்டுவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பதே அந்த உலையை மூடத்தான். அவள் அப்பா இருந்திருந்தால் பாதிக் கவலை அவருக்குப் போயிருக்கும். இப்போது உன்னை நம்பித்தான் பறக்கிறேன்.

உன் மகள்


பிப்ரவரி 9

என் தங்கத்துக்கு,

சுகம். உன் சுகத்தை எழுது. வாந்தி எடுத்தவர் தேறிவிட்டாரா?

உன் விமானம் வந்தது! ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள். பொடிசு என் தோள்மேல் ஏறி நின்று, "அம்மா, கீழ பாரும்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தையல்காரி துணி அளக்கிற நாடாவையே எடுத்து ஆட்டினாள். "உன் மக என்னைப் பாத்திருப்பாளாக்கா?" என்றாள். "உன்னைப் பாக்கவா அவ்வளவு பெட்ரோல் செலவு பண்ணி வர்றா?" என்றேன். ஆனால் பார்த்திருப்பாய் என்றுதான் எனக்குள் ஒரு நினைப்பு.

இன்னொரு விஷயம். போன மாதக் கடைசியில் நானே உலைக்காரரிடம் நேரில் போய் உன் பெயரைச் சொல்லிப் பேசினேன். ஆள் ஆடிப்போய்விட்டார். என்ன நடந்தது என்பதை நீ வந்த பிறகு வாயால் சொன்னால்தான் ருசி. இந்தத் தெரு இத்தனை வருஷம் கத்தியும் நடக்காத காரியம், உன் பெயரைச் சொன்னதும் நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள்.

பொடிசுக்குக் கொஞ்சம் சளி. பனிக்காலம்தானே. படுத்தால் இருமுகிறாள், பகலில் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நீ இதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

உன் அம்மா


பிப்ரவரி 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். கடிதம் எழுத உட்கார்ந்தால் கணக்குத்தான் கண்ணில் ஓடுகிறது.

நம் ஊர் அளவுகள் வந்துவிட்டன. எனக்கு நம்பமுடியவில்லை. கோள் பார்த்ததும், விமானம் உறிஞ்சியதும், மாடிக் குழாய் சொன்னதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. மூன்றுமே காற்று சுத்தம் என்கின்றன. கருவி கெட்டுவிட்டதா என்று மூன்று தடவை சரிபார்த்தாயிற்று, கெடவில்லை.

அம்மா, நேராகவே கேட்கிறேன். உலை ஓடுகிறதா இல்லையா? உலைக்காரரிடம் என்ன பேசினாய்? ருசியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே எழுது. மார்ச் முடிவதற்குள் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பொடிசுக்குச் சளி இறங்கிவிட்டதா?

உன் மகள்


மார்ச் 8

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் அவசரத்தில் எழுதியது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பகலில் புகை இல்லை. உன் கருவி சொன்னது உண்மை. உலைக்காரரை நான் அதட்டினேன், அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். துணி வெள்ளையாகக் காய்கிறது. தையல்காரி வெள்ளைத் துணி வேலையைக்கூட இப்போது தைரியமாக வாங்குகிறாள். நீ பயப்படாமல் கையெழுத்துப் போடு. உன் கணக்கு தப்பாகுமா?

பொடிசு உன்னிடம் கேட்கச் சொன்ன கேள்வி: "காலையில எந்திரிச்சா புகை ஏன் தரையிலயே படுத்திருக்கு, அதுக்கு எந்திரிக்கத் தெரியாதா?" பனியாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். நீ படித்தவள், சரியாகச் சொல்.

சளிக்கு மருந்துக்காரரிடம் வாங்கிக் கொடுத்தேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


மார்ச் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். உலை இருந்தும் காற்று சுத்தமாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். "எங்கம்மா போய் ஒரு அதட்டு போட்டாங்க" என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். உலை மூடுகிறதோ இல்லையோ, புகை நின்றால் சரி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பொடிசின் கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. அவளுக்கு இப்படிச் சொல். பகலில் தரை சூடாகும், சூடான காற்று மேலே போகும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். ராத்திரியில் தரை குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய் எழும்பாமல் கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ராத்திரியில் வருகிற புகை அந்த மூடிக்குக் கீழேயே, நாம் படுத்திருக்கும் உயரத்திலேயே சுற்றிச் சுற்றி வரும். வெயில் ஏறிய பிறகுதான் மூடி திறக்கும். அவள் பார்த்தது அடுப்புப் புகையும் பனியும் கலந்ததாக இருக்கும். உலை ராத்திரியில் எரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். பகலில் எரிவதைவிட அது பல மடங்கு மோசம். நல்லவேளை, நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

இழுப்பு இல்லையே? ஒரு வரி எழுது.

உன் மகள்


மே 4

மகளுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

கொடுத்த அறிக்கையைத் திரும்ப வாங்க முடியுமா? முடியும் என்றால் உடனே வாங்கு.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று உலைக்காரரிடம் போய், "என் மக கோள் வச்சுப் பாக்குறா, மாடியில குழாய் வச்சுப் பாக்குறா, விமானத்துல வந்தும் பாக்கப்போறா, உன் பொழப்பு அவ்வளவுதான்" என்றேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "உங்க பொண்ணு பெரிய ஆளுதாம்மா. எந்நேரம் பாக்குறாங்க?" என்றார். மதியம் ஒன்றரை என்றேன். வெயில் உள்ளவரை என்றேன். ராத்திரியில் அதற்குக் கண் தெரியாது என்பதையும் நான்தான் சொன்னேன். அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். உன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரிவதில்லை.

"அப்ப பகல்ல ஒரு பொட்டுப் புகை வராதும்மா. ஊர் அடங்கினதுக்கு அப்புறம் கொஞ்சம் ஓட்டிக்கிறேன், தூங்குறவங்களுக்கு என்ன தெரியப்போகுது? இதை உங்க பொண்ணுக்கு எழுத வேண்டாம். அளக்குறவங்க வீட்டு ஆளே பேசி முடிச்சாங்கன்னா அவங்களுக்குத்தான் கெட்ட பேர்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தூங்குகிறவர்களை அது என்ன செய்யும் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நடந்து வந்தேன்.

நீ எழுதிய பானை மூடியைப் படித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மேலே போய்க்கொண்டிருந்த புகையை இழுத்துக்கொண்டு வந்து பொடிசின் படுக்கையில் நான்தான் போட்டிருக்கிறேன்.

அவளுக்கு வந்தது சளி இல்லை. இழுப்புத்தான். பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. போன வாரம் உதடு நீலமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து பேசுகிறாள். பயப்படாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் அறிக்கையைக் காட்டி உலைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். இன்னொரு உலைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள்.

அம்மா


ஜூன் 2

மகளுக்கு,

உன்னிடமிருந்து எழுத்து வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து டாக்டரிடம் பேசுகிறாய் என்று நர்ஸ் சொன்னாள். அது போதும். பொடிசு வீட்டுக்கு வந்துவிட்டாள். ராத்திரியில் அவளைத் தையல்காரியின் அக்கா வீட்டில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறேன்.

நீ எழுதாததால் நானே குழுவிடம் போனேன். தெருக்காரர்களும் கூட வந்தார்கள். நான் எழுந்து நின்று, "உலை ராத்திரியில ஓடுதுங்க. பகல்ல நிறுத்தச் சொல்லி வழி காட்டினது நான்தான். அதனால என் மக அளந்தது தப்பு" என்றேன்.

உன்னைப் பெற்ற நாளிலிருந்து உன்னையும் தப்பு என்ற வார்த்தையையும் நான் சேர்த்துச் சொன்னதில்லை. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் சொன்னேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வானத்துலேருந்து ஒண்ணு, விமானத்துலேருந்து ஒண்ணு, உங்க மாடியிலேருந்தே ஒண்ணு. மூணும் சுத்தம்னு சொல்லுது. விஞ்ஞானி கையெழுத்து இருக்கு. நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்றார்.

"அஞ்சாவது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

தையல்காரி பொறுக்கமாட்டாமல், "ஒரு ராத்திரி வந்து மோந்து பாருங்கய்யா, படிப்பே வேண்டாம்!" என்று கத்தினாள். "ராத்திரி ஆபீஸ் கிடையாதும்மா" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அப்புறம் உலைக்காரர் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, பணிவாகத்தான் பேசினார். "அம்மா, உங்க பொண்ணு பெருமையை இந்த ஊர் பூரா சொன்னது நீங்கதானே? எனக்கு அவங்க கணக்கு மேல நம்பிக்கை இருக்கு. பெத்த உங்களுக்கு இல்லையா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால்தான் எடுபடும். சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும், அறியாதவள் மாதிரி கேட்கவில்லை.

அம்மா


ஜூன் 24

அம்மாவுக்கு,

அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். அளக்கும் நேரம் என் வீட்டிலிருந்துதான் வெளியே போனது என்று எழுதாமல் அதை விளக்க முடியவில்லை. இந்தப் பருவத்து அளவுகள் எல்லாவற்றையும் வேறொருவர் மறுபடி சரிபார்க்கிறார். அது முடியும்வரை எனக்கு விமானம் கிடையாது. அதற்குப் பிறகும் இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு எழுந்துபோக என்னால் முடியவில்லை. பகலை மட்டும் அளந்துவிட்டு, ஊர்க் காற்று சுத்தம் என்று கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கருவிக்கு ராத்திரியில் கண் தெரியாது என்று உனக்கு எழுதியதே நான்தான். நீ சொன்ன பதிலில் பகல் என்று ஒரு வார்த்தை இருந்தது. அதைப் படித்தேன், நிற்காமல் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் நான் கேட்டபோதெல்லாம் சளி என்று எழுதினாய். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வருகிறேன். அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். துணிகளை எடுத்து வை. மருந்துச் சீட்டுகளை ஒரே உறையில் போட்டு வை.


ஆகஸ்ட் 17

மகளுக்கு,

நீ வந்து போனதில் மருந்தைத் தவிர வேறு பேச்சில்லை. சரிதான். நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை. அந்த ஒன்றைத்தான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் குழுவுக்குப் போன பிறகு அனுமதியை நிறுத்திவைத்து உலைக்குப் பூட்டுப் போட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். தையல்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கை எழும்பவில்லை.

போன வாரம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அதே தகரம், அதே ஆட்கள், புது உலை. அங்கே யார் மாடியிலும் குழாய் இல்லை. நடந்து போய் அந்தத் தெருப் பெண்களிடம், "ராத்திரியில எரிக்கவிடாதீங்க, அது படுக்கை உயரத்துக்குத்தான் வரும், பிள்ளைங்களைக் கீழே போடாதீங்க" என்று சொன்னேன். ஒருத்தி, "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள். என் மகள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாளைக்கும் போவேன்.

பொடிசு இல்லாத வீட்டில் ராத்திரி சத்தமே இல்லை. இருமலுக்காகக் காதைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தவள் இப்போதும் அப்படியே படுத்திருக்கிறேன். மந்தமான காதுக்கு அந்த ஒரு சத்தம் மட்டும் எப்படிக் கேட்டதோ.

என் சுகத்தை நீ கேட்க வேண்டாம். உன் சுகத்தை நான் கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை. அவள் ராத்திரியில் எப்படித் தூங்குகிறாள் என்பதை மட்டும் எழுது. உள்ளது உள்ளபடி எழுது. நான் உனக்கு எழுதிய மாதிரி எழுதாதே.

அம்மா


செப்டம்பர் 11

அம்மாவுக்கு,

உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். படுக்கவைத்தால் மூச்சு முட்டுகிறது. விடியும் நேரத்தில் மருந்து இழுக்கிறாள், அப்புறம் கொஞ்சம் அசருகிறாள். சிறிய வயதில் சுருங்கிய நுரையீரல் முழுசாக விரியுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

அவள் படுத்துத் தூங்குகிற அன்றைக்கு மறுபடி எழுதுகிறேன்.

மகள்